மெத்தா தியானம், அதாவது எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு மனசார வாழ்த்துற பௌத்த தியானம், அதப் பத்தி சிங்கப்பூர்ல பல எடத்துல இருந்து கேட்டிருந்தீங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்

நான் துறவியும் இல்ல குருவும் இல்ல, பர்மிய பிக்கு ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு 12 வருஷமா வீட்லயே உக்காந்து செய்றவன், அவ்வளவுதான். எல்லார் கேள்வியையும் சுருக்கி ஒவ்வொரு பதிலுக்கும் மேல போட்டிருக்கேன்.

செங்காங் தங்கச்சி: "எல்லாரும் நலமா இருக்கணும்னு அரை மணி நேரம் சொல்றேண்ணே, உள்ள ஒண்ணுமே வரல, வறண்டு கெடக்கு."

எல்லாரும்னு சொன்னா மனசு யாரைம்மா பிடிக்கும்? ஒரே ஒரு ஆள்ல ஆரம்பிங்க. 5ஆம் நூற்றாண்டுல இலங்கை அநுராதபுரத்துல புத்தகோசர்ங்கற பௌத்தத் துறவி எழுதின விசுத்திமக்கம்ங்கற நூல்ல இதுக்கு ஒரு வரிசையே இருக்கு, முதல்ல நம்ம, அப்புறம் நாம மதிக்கிற ஒருத்தர், அப்புறம் நெருங்கினவங்க, அப்புறம் பிடிக்கவும் பிடிக்காத வெறுக்கவும் வெறுக்காத ஒருத்தர், கடைசியாத்தான் பகையாளி. இறந்தவங்கள வச்சு செய்யக்கூடாதுன்னும் சொல்றார், அப்படி செஞ்சா தியானம் கூடி வராதாம். "பகை இல்லாம இருக்கணும், மனசுல வேதனை இல்லாம இருக்கணும், உடம்புல துன்பம் இல்லாம இருக்கணும், சுகமா காலத்த ஓட்டணும்", இந்த நாலு வரி போதும், ஒவ்வொண்ணையும் மெதுவா, அந்த முகத்த நெனச்சுக்கிட்டு. நெஞ்சு உருகணும்னு காத்திருக்காதீங்க, மெத்தாங்கறது அந்த உருக்கம் இல்ல, அவங்க நல்லா இருக்கட்டும்ங்கற எண்ணம்தான், விதை போடறது நம்ம வேலை, மொளைக்கிறது அதோட நேரத்துல மொளைக்கும். எனக்கு முதல் 4 மாசம் வெறும் வறட்சிதான். தன்னை வாழ்த்த கூச்சமா இருந்தா சின்ன வயசுல உங்களுக்கு சோறு ஊட்டின யாராச்சும் இப்பவும் உயிரோட இருந்தா அவங்கள்ல இருந்து தொடங்குங்க, பல ஆசிரியர்கள் இப்ப அப்படித்தான் சொல்லித்தர்றாங்க.

ஜூரோங் தம்பி: "சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்றாரு. அவருக்கு மெத்தா அனுப்பினா இன்னும் ஏறி மிதிக்க மாட்டாரா?"

தம்பி, மொதல்ல அவரை இப்ப தொடாதீங்க. வரிசைல அவரு கடைசி. தெனமும் பாக்கிற கோப்பிக்கடை அங்கிள், லிஃப்ட்ல தலையாட்டிட்டுப் போற பக்கத்து வீட்டுக்காரர், இந்த மாதிரி ஆளுங்கள்ல பழகுங்க, இதத்தான் நெறைய பேரு தவிர்த்துட்டு நேரா எதிரிகிட்ட போய் முட்டிக்கிறாங்க. நானும் அதைத்தான் செஞ்சேன், அம்மா வீட்டு விஷயமா கூடப் பொறந்தவரோட 3 வருஷம் பேச்சு வார்த்தையே இல்ல, முதல் வாரமே அவரை நெனச்சு உக்காந்தேன், எந்திரிக்கும்போது இன்னும் கோவமா எந்திரிச்சேன். கோவம் கிளம்பிச்சுன்னா அதோட சண்டை போடாம திரும்ப கோப்பிக்கடை அங்கிளுக்கே வந்துடுங்க, மனசு மெதுவானதுக்கு அப்புறம் போங்க. இன்னொண்ணு, மெத்தான்னா அடிக்குக் கன்னத்த காட்றது இல்ல. தேதி போட்டு எழுதி வச்சு மேல புகார் குடுங்க, குடுக்கத்தான் வேணும், அவரு நாசமாப் போகட்டும்ங்கற நெனப்பு இல்லாம குடுங்க. அப்பதான் ராத்திரி அவரை வீட்டுக்குத் தூக்கிட்டு வர மாட்டீங்க.

ஈசூன் அக்கா: "மகன் தேசிய சேவைல, கட்டாய ராணுவப் பயிற்சில இருக்கான். அவனை நெனச்சு உக்காந்தாலே அழுகை வருது, இது மெத்தாவா?"

அக்கா, பாதி மெத்தா, பாதி பற்று. கரணீய மெத்த சுத்தம்னு மெத்தா பத்தின புத்தர் உபதேசம் ஒண்ணு இருக்கு, அதுல ஒரே பிள்ளைய உயிரக் குடுத்துக் காக்கிற தாய உவமையா சொல்வாங்க, அந்த அளவுக்கு எல்லா உயிர் மேலயும் மனச விரிக்கணும்னு. ஆனா மெத்தாவோட பக்கத்து வீட்டுப் பகையாளின்னு ஒண்ணு உண்டு, அதுதான் பற்று, தூரத்துல இருந்து பாத்தா ரெண்டுக்கும் ஒரே முகம். "அவன் நல்லா இருக்கட்டும்" மெத்தா, "அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன ஆவேன்" பற்று. அழுகை வந்தா அழுதுக்கோங்க, தப்பே இல்ல. அப்புறம் அவன் கூட முகாம்ல அதே அறைல படுத்திருக்கிற மத்த பசங்களையும் ஒவ்வொருத்தரா சேத்துக்கோங்க, மலாய்ப் பையன், சீனப் பையன், அவங்களுக்கும் அம்மா இருக்காங்க. அப்படி விரிக்க விரிக்க அந்தப் பிடி தானா தளரும்க்கா.

உட்லண்ட்ஸ் அண்ணன்: "நாங்க சைவம், தேக்காவுல காளியம்மன் கோயில்தான் போவோம். இது செய்யலாமா?"

தாராளமா செய்யுங்கண்ணே, கோயில விட வேண்டியதே இல்ல. இது வெளிநாட்டுச் சரக்கும் இல்ல, மணிமேகலை கடைசிக் காதைல செற்றம்ங்கற பகை போக மருந்தா மைத்திரி (மெத்தாவேதான்), கருணை, முதிதைன்னு நம்ம தமிழ்லயே இருக்கு. முதிதைன்னா அடுத்தவன் நல்லா இருக்கறதப் பாத்து சந்தோசப்படறது, எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்.

பிடோக் தங்கச்சி: "ரெண்டு சின்னப் பிள்ளைங்க, நேரமே இல்ல. எப்ப செய்றது?"

படுக்கும்போது 5 நிமிசம்மா. மெத்தாவுக்கு 11 பலன்னு புத்தர் சொன்னதுல முதல்லயே வர்றது நல்லாத் தூங்கறதுதான். பிள்ளைங்க தூங்கினதும் அவங்க மூச்சு சத்தத்த கேட்டுக்கிட்டே அந்த நாலு வரிய சொல்லுங்க, நடுவுல தூங்கிட்டாலும் பரவால்ல, மறுநாள் விட்ட எடத்துல இருந்து சொல்லுங்க.