வெண்ணெயும் குத்தகையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜில் முதுகலை சேர்கிறேன். அதற்குள் அயர்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட ஆசை. ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் தொகுத்த தேவதைக் கதைகளைப் படித்தேன், அழகாக இருந்தன. ஆனால் பாட்டிக் கதைகளைப் பிறகு ஓய்வாகப் படித்துக்கொள்ளலாம், முதலில் உண்மையான வரலாறு வேண்டும். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? ஐரிஷ் பெயர்களை எப்படி உச்சரிப்பது? 1845இல் தொடங்கிய பஞ்சத்தை இனப்படுகொலை என்கிறார்களே, சரியா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வாழ்த்துகள். உச்சரிப்பு அங்கே போனால் தானாக வந்துவிடும். இனப்படுகொலையா என்பதை நாலு வரியில் முடிக்க மாட்டேன். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் கப்பலேறினார்கள். நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்த லண்டன் கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன் 1859இல் நம் மதராஸுக்கே கவர்னராக வந்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது "பாட்டிக் கதைகளைப் பிறகு" என்ற உங்கள் வரிதான். ஒரு வாரமாக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நான் வாசிப்பதே அயர்லாந்துப் பாட்டிகளைத்தான்.

1935இல் அந்த நாட்டு அரசு நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்க ஓர் ஆணையம் அமைத்தது. 1937இல் அந்த ஆணையம் தொடக்கப் பள்ளிகளை நாடியது. ஐம்பத்தைந்து தலைப்புகள் கொண்ட ஒரு சிறு கையேடு ஆசிரியர்களுக்குப் போனது. பதினொன்றிலிருந்து பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள், வழக்கமான கட்டுரைக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்துக் கிழவர்களிடமும் கேட்டு எழுதி வர வேண்டும். ஏறக்குறைய 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். தலைப்புகளைப் பாருங்கள்: புதையல், கொல்லன் பட்டறை, பஞ்ச காலம், கால்களைப் பேணுவது, வெண்ணெய் எடுப்பது.

அந்த வெண்ணெய்ப் பக்கங்களில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவர்களுடைய தாழி மரத்தால் ஆனது, உயரமானது. நம் மத்துபோல் கயிறு கட்டிச் சுழற்றுவதில்லை. மூடியின் நடுத்துளை வழியாக ஒரு நீளத் தடி, உலக்கை மாதிரி மேலும் கீழும் இடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் தடியை வாங்கி நாலு இடியாவது இடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இடிக்காமல் போனால் வெண்ணெயைக் கூடவே கொண்டுபோய்விடுவார் என்று பயம். வெண்ணெய் திரளும் வரை பைப் பற்றவைக்கக்கூட ஒரு துண்டு நெருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. தாழிக்கு அடியில் ஒரு குதிரை லாடம். மே முதல் நாள் இந்தப் பயமெல்லாம் இரண்டு மடங்கு.

மூடநம்பிக்கை என்று தாண்டிவிடுவீர்கள். தாண்டாதீர்கள் அம்மா! அந்தப் பாட்டிகளின் காலத்தில் வெண்ணெய் பெரும்பாலும் அவர்கள் தின்பதற்கு அல்ல. மரக்கலத்தில் அடைபட்டு கார்க் நகரச் சந்தை மாதிரி இடங்களுக்குப் போகும், அந்தக் காசுதான் நிலச்சொந்தக்காரனுக்குக் குத்தகை. குத்தகை தவறினால் குடும்பம் தெருவில். ஒரு நாள் வெண்ணெய் திரளவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு அடிவயிறு கலங்காதா? நிலவுடைமை பற்றி எத்தனை புள்ளிவிவரம் படித்தாலும் அந்தக் கலக்கம் அதில் இருக்காது. லாடத்தில் இருக்கிறது. இதை வரலாறு இல்லை என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பாட்டிகள் பொய்யும் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். 1945இல் பஞ்சத்தைப் பற்றி அதே ஆணையம் கேள்வித்தாள் அனுப்பியது. பல பதில்களில் பட்டினிச் சாவு பக்கத்து ஊரில் நடக்கிறது, கஞ்சிக்காக மதம் மாறியது வேறு யாரோ. நூறு வருடம் ஆகியும் "எங்கள் வீட்டில்" என்று சொல்ல நா எழவில்லை. அந்த வெட்கம் எந்த அரசாங்கக் கோப்பில் கிடைக்கும்?

ஏழாம் வகுப்பில் "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பஞ்சத்தில் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றதை என் அப்பாயி சொல்லியிருந்தாள், அதை எழுதினேன். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் "கதை வேண்டாம், கட்டுரை எழுது". நோட்ஸில் இருந்ததை எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கினேன். அடுத்த வருடம் அப்பாயி போய்விட்டாள். எத்தனை நாள் ஊறவைத்தாள் என்று இனி யாரிடம் கேட்பது? அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

சரி, நீங்கள் கேட்ட புத்தகம். ஆஞ்சலா பர்க் (Angela Bourke) எழுதிய 'தி பர்னிங் ஆஃப் பிரிட்ஜெட் கிளியரி'. தேவதைக் கதைகள் அழகாக இருந்தன என்கிறீர்கள். 1895இல் டிப்பரேரியில், தையல் வேலை செய்து நாலு காசு பார்த்த ஒரு பெண்ணை, தேவதைகள் மாற்றி வைத்துவிட்டுப் போன போலி என்று சொல்லி, உறவினர்கள் பார்த்திருக்கக் கணவனே எரித்தான். எந்த இடத்தில் நாட்டார் கதை முடிந்து எந்த இடத்தில் வரலாறு தொடங்குகிறது என்று அந்தப் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள், பார்க்கிறேன். அப்புறம் கெவின் டானஹரின் 'தி இயர் இன் அயர்லாந்து', பண்டிகை வரும்போது அந்தந்தப் பக்கத்தைப் புரட்ட.

அந்தச் சேகரம் முழுவதும் நீங்கள் சேரப்போகும் அதே பெல்ஃபீல்ட் வளாகத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் எழுதிய பக்கங்கள் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம். கிளேர், கெரி, ஏதாவது ஒரு மாவட்டத்தில் வெண்ணெய் பற்றிப் பத்துப் பக்கம் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.