பெரிய கோட்பேஸில் ஏஐ உதவியாளர், ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷனையே ஏன் மறுபடி எழுதுகிறது?

அது உங்கள் ரெப்போவை, அதாவது மொத்தக் கோடும் இருக்கும் களஞ்சியத்தை, முழுசாகப் பார்ப்பதே இல்லை. உதாரணமாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 3 கோடி வரிகளுக்கு மேல். ஏஐ ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவான கான்டெக்ஸ்ட் விண்டோ 2 லட்சம் டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) என்றால் சில பத்தாயிரம் வரிகளிலேயே நிரம்பிவிடும். ஆகவே பல கருவிகள் கிரெப் (ஃபைல்களுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடி, சிக்கிய ஃபைல்களை மட்டும் படிக்கின்றன.

வில்லங்கம் தேடும் சொல்லில்தான். எங்கள் பழைய ஜாவா கோடில் தேதியை வடிவமைக்கும் ஃபங்ஷனுக்கு யாரோ ஒரு புண்ணியவான் 'ஹெல்பர்2' என்று பெயர் வைத்திருந்தார். 'ஃபார்மேட் டேட்' என்று தேடினால் அது எப்படி அகப்படும்? ஏஐ சமர்த்தாகப் புதிதாய் ஒன்றை எழுதிக் கொடுத்தது. டெஸ்டும் பாஸ்! டைம்ஸோன் மட்டும் தப்பு.

இப்போது "எழுதுவதற்கு முன், பொது ஃபங்ஷன்கள் இருக்கும் யூட்டில்ஸ் ஃபோல்டரைப் பார்" என்று, ஏஐக்கான குறிப்புகளை எழுதிவைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி ஃபைலில் போட்டுவைக்கிறேன். அதை நீட்டாதீர்கள், அதுவும் டோக்கனைத் தின்னும். முடிந்தால் 'ஹெல்பர்2'-இன் பெயரையும் மாற்றிவிடுங்கள்.