தண்டியடிகளின் கயிறு

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததால் இடது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டுத்தான் நடக்கிறேன். இந்த வருஷம் 50 புத்தகம் படிப்பது, ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் குறிப்பு எழுதுவது என்று பொங்கலன்று முடிவு செய்தேன். ஐப்பசி பிறந்துவிட்டது, 23இல் நிற்கிறேன். அதில் என்னைப் போன்றவர்கள் வரும் கதை 7. நாலில் செத்துப்போகிறார்கள், இரண்டில் குணமாகிவிடுகிறது. ஒன்றில் மட்டும் கடைசிவரை அதே காலோடு ஒருவர் இருக்கிறார், அவரும் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறார். படிக்கவே கசக்கிறது. இலக்கை விட்டுவிடலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

50 என்ற கணக்கை விட்டுவிடுங்கள். குறிப்பு நோட்டை மட்டும் விடாதீர்கள். நாலு, இரண்டு, ஒன்று என்று பிரித்துப் பார்த்தீர்களே, அதற்காகவே அந்த நோட்டு வேண்டும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாரூர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கோயிலுக்கு மேற்கே குளம் சுருங்கிக் கிடக்கிறது, அதைத் தோண்டிப் பெரிதாக்க வேண்டும் என்று இறங்குகிறார். எப்படித் தோண்டினார் என்பதைச் சேக்கிழார் விடாமல் சொல்கிறார். குழிக்குள் ஒரு தறி, அதாவது நட்டுவைத்த கம்பு, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே கயிறு. மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். மறுபடி கயிற்றைப் பிடித்து இறங்குவார். 12ஆம் நூற்றாண்டில் எழுதியது இது. இதில் பரிதாபம் ஒரு சொல்கூடக் கிடையாது, வேலைதான் இருக்கிறது. அந்தக் குளமான கமலாலயத்தின் கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் நினைவுக்கு வரும்.

கதையின் முடிவு வேறு மாதிரி. தண்டியடிகளுக்குப் பார்வை வருகிறது, அவரைக் கேலி செய்த சமணர்களுக்குப் பார்வை போகிறது. இறைவன் அருளைச் சொல்லவந்த நூல், அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பார்வை பரிசு, குருடு தண்டனை என்று ஆகிவிட்டால், பார்வையில்லாமல் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்பவர் எந்தப் பக்கம் சேர்வார்? பிற்காலத்தில் நொண்டி நாடகம் என்று ஒரு வகையே வந்தது. திருடப்போனவனுக்குக் கால் வெட்டுப்படும், தெய்வத்தை வேண்டுவான், கால் வளரும். நீங்கள் படித்த அந்த இரண்டு கதைகளும் இந்த வழியில் வந்தவைதான்.

சாகிற கதை எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் நானே ஒன்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் பெரியப்பாவுக்கு வலது கால் உங்களைப் போலத்தான். காலிப்பர் கிடையாது. வலது கையைத் தொடையில் ஊன்றி அழுத்தி அழுத்தி நடப்பார். வேட்டியில் அந்த இடம் மட்டும் சீக்கிரம் நைந்துபோகும். பெரியம்மா உள்பக்கமாக ஒட்டுப்போட்டுத் தைத்து வைப்பார். நடவு நாளில் ஆட்கள் வருவதற்கு முன்பே, விடியலிலேயே போய் மேட்டில் உட்கார்ந்துவிடுவார். கடைசி ஆள் கரையேறிப் போன பிறகுதான் எழுந்திருப்பார். அதைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. வரப்பில் எதிரே ஆள் வந்தால் அவரால் ஒதுங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

28 வயதில் அவரை வைத்துக் கதை எழுதினேன். வெண்ணாற்றில் உடைப்பெடுத்த இரவில் அவர் சாகிறார், ஊர் மனம் திருந்துகிறது. அந்த ஒட்டுப்போட்ட வேட்டி கதையில் இல்லை. வரப்பும் இல்லை. ஊர் அழுவதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது, அதற்கு அவரை எடுத்துக்கொண்டேன். பத்திரிகையில் வந்ததும் பெரியப்பா படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகளுக்காக நம் நாட்டில் வந்த 1995 சட்டம் 7 வகை ஊனங்களைச் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம் 21 வகை என்கிறது. கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் என்ற நடுக்க நோய், தலசீமியா என்ற ரத்த நோய், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், தொழுநோய் குணமானவர்கள் எல்லாரும் அதில் உண்டு. நம் கதைகளில் பெரும்பாலும் பார்வையில்லாதவரும் கால் ஊனமானவரும்தானே வருகிறார்கள்? நோட்டில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அப்புறம், குறிப்பு எழுதும்போது முடிவைப் பற்றி ஒரு வரி போதும். மிச்ச இடத்தில், அந்த ஆள் எப்படிப் படியேறினார், எதைப் பிடித்துக்கொண்டார், மழைநாளில் என்ன செய்தார் என்று கதையில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். உங்கள் ஊர் ஹரித்ராநதிக் குளத்தின் படித்துறையில் காலிப்பரோடு இறங்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆசிரியர் தெரிந்து எழுதினாரா, சும்மா எழுதினாரா என்பதை நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

அந்த ஏழாவது கதை எது என்று எனக்கு எழுதுங்கள். அவர் புத்தி சொன்னால் சொல்லட்டும். எப்படி நடந்தார் என்று அதில் இருக்கிறதா, பார்க்க வேண்டும்.

அன்புடன்