காஸி நீர்மூழ்கி மூழ்கியது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தான் வங்கக் கடலுக்கு காஸி நீர்மூழ்கியை மட்டும் அனுப்பியது ஏன்?

தூரம்தான் காரணம். பாகிஸ்தானிடம் இருந்த டாஃப்னே வகை நீர்மூழ்கிகள் மூன்றும் சிறியவை. அவ்வளவு தூரம் வந்து, காத்திருந்து, திரும்ப அவற்றால் ஆகாது. காஸி அமெரிக்காவின் டெஞ்ச் வகை. 1945-இல் 'டயாப்லோ' என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, 1964-இல் பாகிஸ்தானுக்குக் கைமாறியது. 95 மீட்டர் நீளம், பத்து டார்பிடோ குழல்கள். மேல்மட்டத்தில் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் ஓடினால் 11,000 கடல் மைல் போகும்.

பாக் நீரிணை வழியாக வந்திருக்கலாமே?

வர முடியாது. ராமர் பாலத் திட்டுகளில் பல இடங்களில் ஆழம் சில மீட்டர்தான். காஸி மேலே மிதக்கும்போதே ஐந்து மீட்டர் நீருக்குள் இருக்கும். நவம்பர் 14-இல் கராச்சியை விட்ட கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும்.

1965-இல் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். பிரம்மபுத்ராவை காஸி சேதப்படுத்தியது உண்மையா?

இல்லை. பிரம்மபுத்ரா சேதமின்றித் துறைமுகம் திரும்பியது.

காஸி தேடி வந்த இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அப்போது எங்கே இருந்தது?

அந்தமானில். கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர், விமானந்தாங்கிக் கப்பலை அங்கே ஒளித்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தை ஒட்டி நிற்பதாக நம்ப வைத்தார். ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தின் பெயரில் வானொலிச் செய்திகள் அனுப்பியது. கரையில் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவில் மளிகையும் காய்கறியும் கேட்கப்பட்டன. இந்தக் கதையில் சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி இதுதான் என்பேன்.

மூழ்கடித்தது ராஜ்புத்தா, இல்லை விபத்தா?

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த ராஜ்புத், நீரில் கலக்கம் கண்டு, நீருக்கடியில் வெடிக்கும் இரண்டு டெப்த் சார்ஜ் வெடிகளைப் போட்டது. சற்று நேரத்தில் கரை வரை கேட்ட பெருவெடிப்பு. இந்தியா சொல்வது இது. தான் விதைத்த கண்ணிவெடியிலேயே காஸி சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு.

மூன்றாவது சாத்தியம் பேட்டரி. இவ்வகைக் கப்பலில் 126 செல்கள் கொண்ட ஈய-அமில பேட்டரித் தொகுதிகள் இரண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும். காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும். அதனால்தான் காற்றோட்ட விசிறிகள் நிற்கவே கூடாது, அளவுமானியை விடாமல் பார்க்க வேண்டும்.

இறங்கிப் பார்த்த முக்குளிப்பவர்கள் முன்பாகம் சிதைந்து கிடந்ததாகச் சொன்னார்கள். முன் பேட்டரி அறையும் முன் டார்பிடோ அறையும் அடுத்தடுத்தவை. ஆகவே ஹைட்ரஜன் வெடித்து டார்பிடோக்களைக் கிளப்பியிருந்தாலும், கண்ணிவெடி வெளியிலிருந்து தாக்கியிருந்தாலும், டெப்த் சார்ஜ் அதிர்ச்சி உள்வெடிப்பைத் தூண்டியிருந்தாலும் சேதம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தெரியும். முன்பாகம் சிதைந்ததை மட்டும் காட்டி ஒரு தரப்பு வென்றதாகச் சொல்வது சரியல்ல. என் கணிப்பு உள்வெடிப்பின் பக்கம் சாய்கிறது. இரண்டு டெப்த் சார்ஜ் மட்டும் இவ்வளவு சிதைக்குமா என்பதே தயக்கம்.

ஆழம் குறைந்த கடல்தானே, ஒருவர்கூட ஏன் தப்பவில்லை?

1944-இல் தைவான் நீரிணையில் மூழ்கிய அமெரிக்காவின் 'டாங்' நீர்மூழ்கி காஸியைப் போன்ற வடிவமைப்புதான். அது சுமார் 55 மீட்டர் ஆழத்தில் கிடந்தபோது, முன் டார்பிடோ அறையில் உள்ள தப்பும் அறை வழியாக 13 பேர் வெளியேறினார்கள். அந்தக் கப்பலில் வெடி தாக்கியது பின்பக்கத்தை, முன்பக்கம் பிழைத்திருந்தது. காஸியில் சிதைந்ததே அந்த முன்பக்கம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் கப்பலோடு போனார்கள்.