‘நாங்கள் தொண்டு நிறுவனம், ஈபிஎஃப் கிடையாது’ என்கிறார்களே?

கேள்வி: மஸ்கெலியா பக்கத்தில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் ஆறு வருடம் கள உத்தியோகத்தராக இருந்தேன். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புது ஒப்பந்தம். மாதம் 45,000 ரூபாயை ‘தொண்டர் கொடுப்பனவு’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது புரொஜெக்ட் முடிந்துவிட்டது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கேட்டால் தொண்டு நிறுவனத்துக்கு அது இல்லை என்கிறார்கள். எடுத்துத் தருவதாக ஒருவர் நூற்றுக்கு இருபது கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க ஒரு சதமும் செலவில்லை. அந்த மனிதர் செய்யப்போவதும் அதே படிவத்தை நிரப்பி அதே மேசையில் வைப்பதுதான். லயத்துக்கு லயம் போய்ப் பென்ஷன், காணி, ஈபிஎஃப் என்று ஆள் பிடிக்கும் இந்தக் கூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அடையாள அட்டையின் மூலப் பிரதியையோ, கையெழுத்துப் போட்ட வெறுந்தாளையோ மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உரிமைக்கு வருவோம். ‘தொண்டர்’ என்று பெயர் வைத்ததால் நீங்கள் தொண்டர் ஆகிவிட மாட்டீர்கள். நேரத்துக்கு வந்தீர்கள், அவர்கள் சொன்ன வேலையைச் செய்தீர்கள், மாதா மாதம் காசு வாங்கினீர்கள். தொழில் அதிகாரி பார்ப்பது அதைத்தான், தாளில் எழுதிய பட்டத்தை அல்ல. 1958ஆம் ஆண்டின் ஈபிஎஃப் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தங்கள் பங்காக 12 வீதம் சேர்த்து அவர்கள் கட்டியிருக்க வேண்டும். 45,000க்கு அது மாதம் 9,000 ரூபாய். ஈரீஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி, அது முழுக்க அவர்கள் பங்கு. அன்று உங்கள் 8 வீதத்தைப் பிடிக்காமல் விட்டதற்கு இன்று உங்களிடம் கேட்க முடியாது. அது அவர்கள் தலையில்தான்.

அவர்கள் ஒளிந்துகொள்ளும் விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தரும நிறுவனத்துக்கு ஈபிஎஃப் விலக்கு உண்டு. இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள்கணக்கு பத்துக்குக் குறைவு, அதோடு அது உண்மையிலேயே தரும நிறுவனம். அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிந்த தாள் ஒன்று இருப்பதால் மட்டும் தரும நிறுவனம் ஆகாது. வட்டிக்குக் கடன் கொடுத்து வாரா வாரம் வசூலிக்கிறவர்களும் தருமம் என்கிறார்கள்! ஆள்கணக்கு எடுக்கும்போது அவர்களுடைய ஹற்றன் அலுவலகத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணாதீர்கள். நுவரெலியா, பதுளைக் கிளைகள், சாரதி, காவலாளி, சமையல் அக்கா, உங்களைப் போன்ற ‘தொண்டர்கள்’ எல்லோரும் கணக்கில் வருவார்கள். உங்களோடு சம்பளம் வாங்கியவர்களின் பெயர்களை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வேலை முடியும்போது தர வேண்டிய பணிக்கொடைக்குக் கணக்கு வேறு. பதினைந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 1,35,000 ரூபாய் வரும். பதினொரு மாத ஒப்பந்தத்தைக் காட்டி ‘தொடர் சேவை இல்லை’ என்பார்கள். நடுவில் ஒரு வாரம்கூட வீட்டில் இருக்காமல் அதே வேலையைச் செய்தீர்கள் என்றால், அதை விளக்கமாக முறைப்பாட்டில் எழுதுங்கள். ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற கடிதத்தை நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள்.

ஹற்றன் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ஈபிஎஃப் காசை வைத்திருப்பது மத்திய வங்கி, கட்டாதவரைத் துரத்த வேண்டியது தொழில் திணைக்களம். இது தெரியாமல் ஆட்கள் அங்கும் இங்கும் அலைகிறார்கள், அலையவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுங்கள். பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஒரு நாள் வேலையையும் பஸ் காசையும் விட்டுப் போன பிறகு ‘அந்த சேர் இன்று வரவில்லை’ என்ற பதிலும் கிடைக்கும். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ!

ஒப்பந்தங்கள், வங்கிப் புத்தகம், அலுவலக அடையாள அட்டை, வட்ஸ்அப்பில் வந்த வேலை உத்தரவுகள் எல்லாவற்றிலும் பிரதி எடுத்துப் போங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருந்தால், அதை இப்போதே கிராம சேவகரிடம் சொல்லித் திருத்த ஏற்பாடு செய்யுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளின் காசு அதிலேதான் நின்றுவிடுகிறது. முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.