தூணில் மொமென்ட் இருந்தால் ஃபுட்டிங் எப்படி? – கேள்வி பதில்

ஃபுட்டிங் (தூணின் சுமையை மண்ணில் பரப்பும் கான்கிரீட் அடித்தளம்) டிசைன் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: தூணிலிருந்து இறங்குவது வெறும் எடை இல்லை, மொமென்ட்டும், அதாவது சாய்க்கப் பார்க்கும் திருப்பு விளைவும், சேர்ந்து வருகிறது, அப்போது என்ன செய்வது? அந்தக் கேள்விகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி, திருச்சி): சார், எடையைப் பரப்பால் வகுத்து, கூட்டல் கழித்தல் போட்டு மொமென்ட்டை இசட்டால் (அகலம் × நீளம் × நீளம் ÷ 6) வகுக்கிறோம். கணக்கு வருகிறது, ஆனால் என்ன நடக்கிறது என்று மனதில் படவில்லை.

பள்ளிக்கூட பெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கக் கால்களும் சமமாக அழுத்தும். ஓரத்துக்கு நகர நகர, அந்தப் பக்கத்துக் கால் மண்ணில் பதியும், மறுபக்கம் லேசாகும், ஒரு கட்டத்தில் தூக்கிக்கொள்ளும். மொமென்ட் செய்வதும் இதைத்தான். எடையோடு மொமென்ட் வந்தால், அந்த எடை நடுவிலிருந்து நகர்ந்து உட்கார்ந்ததாகவே மண்ணுக்குத் தெரியும். நகர்ந்த தூரம் மொமென்ட்டை எடையால் வகுத்தால் கிடைக்கும். அந்தத் தூரம் ஃபுட்டிங் நீளத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் அடிப்பரப்பு முழுக்க மண்ணை அழுத்திக்கொண்டிருக்கும். தாண்டினால் ஒரு பக்கம் தூக்கும். மண்ணால் அழுத்தத்தான் முடியும், இழுத்துப் பிடிக்க முடியாது. அதனால் கழித்தலில் மைனஸ் விடை வந்தால் அந்தச் சூத்திரத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். பலரும் மைனஸை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.

கேள்வி (தளப் பொறியாளர், ஒசூர்): தூண் 300 × 450 மிமீ. எடை 600 கிலோ நியூட்டன், மொமென்ட் 60 கிலோ நியூட்டன் மீட்டர், மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 180 கிலோ நியூட்டன். கான்கிரீட் எம்20, கம்பி எஃப்இ500 (எண்கள் வலிமையைக் குறிக்கும், சதுர மிமீக்கு நியூட்டனில்). டிசைனர் 2.0 × 2.3 மீட்டர், கனம் 510 மிமீ கொடுத்திருக்கிறார். கான்ட்ராக்டர் "வளைவுக்கு 200 போதும், இவர் கான்கிரீட்டைக் கொட்டுகிறார்" என்கிறார். யார் சொல்வது சரி?

டிசைனர்தான் சரி. ஆனால் கான்ட்ராக்டர் சொன்ன 200-ம் பொய்யில்லை, அதுதான் இதில் சுவாரசியம்.

முதலில் அளவு. இதை எப்போதும் ஃபேக்டர் (பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் எண்) போடாத சுமைக்குத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் தாங்குதிறனிலேயே பாதுகாப்புக் காரணி உள்ளே இருக்கிறது. ஃபுட்டிங்கின் சொந்த எடைக்கும் மேல் மண்ணுக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 660. பரப்பு 4.6 சதுர மீட்டர், சராசரி அழுத்தம் 143.5. மொமென்ட்டால் வருவது 34. ஒரு ஓரத்தில் 177.5, மறு ஓரத்தில் 109.5. 180-க்குள் அடங்கிவிட்டது, தூக்கலும் இல்லை. சதுரமாகவே வேண்டும் என்றால் 2.1 × 2.1 போட்டால் 188 தாண்டும், 2.2 × 2.2-க்குப் போக வேண்டும், அதாவது 4.84 சதுர மீட்டர். மொமென்ட் வரும் திசையில் நீளத்தைக் கொஞ்சம் நீட்டியதால் பரப்பு குறைந்திருக்கிறது.

இனி கனம். இதற்கு 1.5 ஃபேக்டர் போட்ட சுமை: எடை 900, மொமென்ட் 90. சொந்த எடையை இங்கே சேர்க்கக் கூடாது, அது மண்ணோடு மண்ணாக நேராக இறங்கிவிடும், ஃபுட்டிங்கை வளைக்காது. மேல்நோக்கிய அழுத்தம் ஒரு ஓரத்தில் சுமார் 247, மறு ஓரத்தில் 145. தூண் முகத்திலிருந்து ஓரம் வரை நீளம் 925 மிமீ. தூண் முகத்தில் வளைவு மொமென்ட் மீட்டருக்கு 100-ஐ ஒட்டி வரும். அதற்குத் தேவைப்படும் பயன்ஆழம் (மேல்மட்டத்திலிருந்து அடிக்கம்பியின் நடு வரையிலான ஆழம்) 195 மிமீ. உங்கள் கான்ட்ராக்டர் இந்த வரியோடு கால்குலேட்டரை மூடிவிட்டார்.

ஷியரை, அதாவது கான்கிரீட்டை வெட்டப் பார்க்கும் விசையை, பாருங்கள். ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) சொல்கிறபடி தூண் முகத்திலிருந்து பயன்ஆழம் அளவு தள்ளிப் பார்க்க வேண்டும். பயன்ஆழம் 400 என்று வைத்தால் அங்கே ஷியர் அழுத்தம் சதுர மிமீக்கு 0.31 நியூட்டன் வருகிறது. வளைவுக்குத் தேவையான கம்பி 0.15 சதவீதம்தான், அந்தக் கம்பிக்கு எம்20 தாங்குவது 0.28. போதவில்லை. 450 ஆக்கினால் 0.25-க்கு இறங்குகிறது, பிரச்சினை தீர்ந்தது. கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர் 50, கம்பியில் பாதி 6, ஆக 506. 510 என்று போட்டிருக்கிறார். கம்பியைக் கூட்டி 400-லேயே நிறுத்தவும் முடியும். ஆனால் ஃபுட்டிங்கில் ஷியருக்கு யாரும் ரிங் (சுற்றுக் கம்பி) கட்டுவதில்லை, கான்கிரீட்டின் கனத்தை நம்புவதே என் பழக்கம்.

பஞ்சிங், அதாவது தூண் ஃபுட்டிங்கைக் குத்திக்கொண்டு இறங்குவது, இந்தத் தூணுக்கு 400-லேயே 0.63தான். எம்20-க்கு அனுமதி 1.12. மொமென்ட் இருக்கும்போது பஞ்சிங் சுற்றளவில் ஒரு பக்கம் கூடுதல் ஷியர் வரும். சதுரத் தூணில் மொமென்ட்டின் 40 சதவீதம் அப்படித்தான் கடத்தப்படுவதாக ஐஎஸ் 456 எடுத்துக்கொள்கிறது. அதைச் சேர்த்தாலும் இங்கே இடம் இருக்கிறது.

கம்பி: கணக்கில் வருவதைவிட 0.12 சதவீதக் குறைந்தபட்ச வரம்பே ஆள்கிறது. 510-க்கு மீட்டருக்கு 612 சதுர மிமீ. 12 மிமீ கம்பி 175 மிமீ இடைவெளியில் போட்டால் 646.

கேள்வி: தூணை ஃபுட்டிங்கின் நடுவில் வைக்காமல் நகர்த்தி வைத்தால் மொமென்ட் அடிபட்டுப் போகாதா?

போகும், மொமென்ட் எப்போதும் ஒரே திசையில் நிற்பதாக இருந்தால். மேலே சொன்ன கணக்கில் 100 மிமீ நகர்த்தினால் போதும். ஆனால் காற்று, நிலநடுக்கத்தால் வரும் மொமென்ட் இன்று கிழக்கே, நாளை மேற்கே. அதற்கு நகர்த்தினால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் இரண்டு மடங்காகும்.

கேள்வி (வீடு கட்டுபவர், மதுரை): பக்கத்து மனை எல்லையிலேயே தூண் வருகிறது. ஃபுட்டிங்கை எங்கள் பக்கம் மட்டும் நீட்டிக்கொள்ளலாம் என்கிறார் மேஸ்திரி. 300 கிலோ நியூட்டன்தான், 5 அடிக்கு 5 அடி போதுமாம்.

ஐயா, இதை மட்டும் கேட்காதீர்கள். 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங், எல்லையை ஒட்டி 230 மிமீ தூண். எடை ஃபுட்டிங் நடுவிலிருந்து 635 மிமீ தள்ளி உட்கார்கிறது. ஆறில் ஒரு பங்கு என்பது 250 மிமீதான். ஃபுட்டிங்கின் பெரும்பகுதி தூக்கிக்கொள்ளும், மண்ணை அழுத்துவது எல்லையோரம் 345 மிமீ பட்டை மட்டும். அங்கே அழுத்தம் 1,100-ஐத் தாண்டும். மேல் மண்ணின் எடை கொஞ்சம் கைகொடுக்கும், இருந்தாலும் மதுரையில் எந்த மண்ணும் வீட்டுக்கு இவ்வளவு கொடுக்காது. அந்தத் தூணையும் உள்ளே இருக்கும் அடுத்த தூணையும் ஸ்ட்ராப் பீமால் (இரண்டின் ஃபுட்டிங்கையும் இணைக்கும் பீம்) கட்டுங்கள், அல்லது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங் போடுங்கள். ஸ்ட்ராப் பீம் என்பது பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் பீம்) இல்லை. அந்த மொமென்ட் முழுவதையும் அதுதான் சுமக்கிறது, ஆழமாகவும் விறைப்பாகவும் வேண்டும்.

கேள்வி (கரூர்): தகரக் கூரை ஷெட். தூணுக்கு எடை 80 கிலோ நியூட்டன்தான், ஆனால் காற்றால் மொமென்ட் 70 கிலோ நியூட்டன் மீட்டர். ஃபுட்டிங் அளவு பயமுறுத்துகிறது.

ஷெட் என்றாலே இப்படித்தான். எடை குறைந்த தூணில் மொமென்ட் வந்தால் விலகல், அதாவது எடை நடுவிலிருந்து நகர்ந்த தூரம், 875 மிமீ. இங்கே உங்களைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் மண். 2 × 3 மீட்டர் ஃபுட்டிங், 1.5 மீட்டர் ஆழம் என்றால், கான்கிரீட்டும் மண்ணும் சேர்ந்து 180 கிலோ நியூட்டன். மொத்தம் 260, விலகல் 270 மிமீக்கு இறங்கிவிட்டது. அனுமதி, நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, 500. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். மழையில் நிலத்தடி நீர் ஃபுட்டிங்குக்கு மேல் ஏறினால் அந்த மண்ணின் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்புறம், காற்று கூரையைத் தூக்கும் நேரத்துக்கு எடை 80 இருக்காது. அந்த நிலைக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். ஒரு ஓரம் தூக்கும் நிலை வந்தால், அந்தப் பக்கம் மேல் மண் ஃபுட்டிங்கைக் கீழே அழுத்தும், அதற்கு மேல் கம்பி வேண்டும். அடியில் மட்டும் ஜாலி (கம்பி வலை) போட்டுவிட்டு வருபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நிலநடுக்கக் கணக்கில் தாங்குதிறனை 25 சதவீதம் கூட்டிக்கொள்ளலாமா?

மண்ணைப் பொறுத்தது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893-ன் 2016 பதிப்பின்படி கடின மண்ணுக்கு 50, நடுத்தரத்துக்கு 25, மென்மண்ணுக்குப் பூஜ்யம். எல்லாவற்றுக்கும் 25 என்று எழுதுவது பழைய பழக்கம்.

கேள்வி (டிசைன் உதவியாளர், சென்னை): சாஃப்ட்வேரில் தூணின் அடியைப் பின்டு (திரும்ப விடும் இணைப்பு) என்று போட்டால் மொமென்ட்டே வருவதில்லை. ஃபுட்டிங் சின்னதாகிறது. தப்பா?

போட்டது மட்டும் தப்பில்லை, போட்டுவிட்டு மறந்தால் தப்பு. அடியில் விட்ட மொமென்ட் தூண் உச்சிக்கும் பீமுக்கும் ஏறும், கட்டிடத்தின் அசைவும் கூடும். அதற்கெல்லாம் மேலே டிசைன் செய்திருந்தால் சரி. உண்மையில் ஃபுட்டிங் பின்டும் இல்லை, ஃபிக்ஸ்டும் (திரும்பவே விடாத இணைப்பு) இல்லை. களிமண்ணில் கொஞ்சம் திரும்பும், பாறையில் திரும்பாது. பாறையில் உட்காரும் தூணுக்குப் பின்டு போட்டிருந்தால் நான் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி (சைட் சூப்பர்வைசர், தஞ்சாவூர்): கான்கிரீட் போடும் முன் நான் பார்க்க வேண்டியது என்ன, அண்ணா?

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நீளப் பக்கம் எந்தத் திசை என்று முதலில் பாருங்கள் தம்பி. ஒரு தளத்தில் நான் போய் நின்றபோது பதினோரு குழியில் நான்கு குழி குறுக்கே திரும்பியிருந்தது. குழி தோண்டியவருக்கு அளவு சரி, திசைதான் மாறிப்போயிருந்தது. பிசிசி (குழியின் அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) போடாததால் பிழைத்தோம், அரை நாள் வெட்டிச் சரிசெய்தார்கள். அடுத்து, மொமென்ட் வரும் திசையிலுள்ள கம்பி கீழ் அடுக்கில் இருக்க வேண்டும், குறுக்குக் கம்பி அதன் மேல். கவர் பிளாக் 50 மிமீ, செங்கல் துண்டு வேண்டாம். தூண் கம்பியின் எல் வளைவு அடி ஜாலியின் மேல் உட்கார்ந்து கட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து, கையை விட்டு அசைத்துப் பாருங்கள்.