தெருமுனை ‘பார் அண்ட் கிரில்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா சென்று திரும்பும் பெற்றோரும், அங்கே படிக்கச் சென்றிருக்கும் மாணவர்களும் எழுதும் கடிதங்களில் ஒரே வகையான இடம் திரும்பத் திரும்ப வருகிறது. குடியிருப்புகளை ஒட்டிய கடைத்தெருவில், சுவரெங்கும் தொலைக்காட்சிகளும் நீண்ட மதுமேடையும் இறைச்சி வாட்டும் மணமுமாக, மாலையானால் அக்கம்பக்கத்தார் கூடிவிடும் ‘பார் அண்ட் கிரில்’தான் அந்த இடம். அங்கே கிடைத்த அனுபவங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஒஹையோவில் இருக்கும் எங்கள் மகன் எங்களை இத்தகைய இடத்துக்கு அழைத்துச் சென்றான். பெயர்ப்பலகையில் ‘பார்’ என்று இருந்ததைப் பார்த்து என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே போனால் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இது மதுக்கடையா, உணவகமா?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டும்தான். ‘பார்’ என்றால் டாஸ்மாக் கடையை ஒட்டிய கூடமே நினைவுக்கு வரும் நமக்கு அந்தத் தயக்கம் இயல்பானது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அது நீக்கப்பட்டபோது மது விற்பனையை எப்படி நடத்துவது என்ற அதிகாரம் மாநிலங்களிடம் வந்தது. வெறுமனே நின்று குடித்துவிட்டுப் போகும் பழைய சாராயக்கூடங்கள் திரும்ப வருவதை விரும்பாத சில மாநிலங்கள், மது விற்கும் இடத்தில் உணவும் விற்கப்பட வேண்டும் என்று விதித்தன. பிற்காலத்தில் நியூயார்க்கில் 1965-இல் தொடங்கிய டிஜிஐ ஃப்ரைடேஸ், டல்லஸில் 1975-இல் தொடங்கிய சில்லீஸ், ஜார்ஜியாவில் 1980-இல் தொடங்கிய ஆப்பிள்பீஸ் போன்ற சங்கிலி உணவகங்கள் மதுமேடையையும் குடும்ப உணவகத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் முறையை ஊரூராகக் கொண்டு சென்றன. இருந்தாலும் முதலாளியே மேடைக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் தனிக்கடைகளில்தான் இவ்விடங்களின் கலகலப்பு முழுமையாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

மேசைப் பகுதியில் குழந்தைகளோடு உட்காரலாம். மதுமேடையை ஒட்டிய உயர இருக்கைகளில் மட்டும் பல இடங்களில் சிறுவர்களை அனுமதிப்பதில்லை. மது அருந்தாதவர் ஐஸ் டீயோ எலுமிச்சைப் பானமோ கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். அவை பெரும்பாலும் கூடுதல் கட்டணமின்றி மறுபடி மறுபடி நிரப்பித் தரப்படும். உங்கள் கணவர் அடுத்த முறை தாராளமாக உள்ளே வரலாம்.

கேள்வி: டெக்சாஸில் நானும் மனைவியும் சாப்பிட்டதற்கு 60 டாலர் பில் வந்தது. பரிமாறிய பெண் அவ்வளவு சிரித்த முகத்தோடு பேசினார். மூன்று டாலர் டிப்ஸ் வைத்ததும் அந்த முகம் மாறிவிட்டது. நம் ஊரில் 250 ரூபாய் டிப்ஸ் யார் கொடுக்கிறார்கள்? விரும்பிக் கொடுப்பதை இப்படி உரிமையாக எதிர்பார்ப்பது முறையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தப் பெண்ணின் முகம் மாறியதற்கான காரணத்தை அவருடைய சம்பளக் கணக்கில் தேட வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அதே தொகைதான். ஆனால் டிப்ஸ் கிடைக்கும் வேலைகளில் இருப்பவர்களுக்கு முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. 1991-இல் நிர்ணயிக்கப்பட்ட இந்தத் தொகை இன்றுவரை உயரவில்லை, டெக்சாஸும் இதையே பின்பற்றுகிறது. டிப்ஸைச் சேர்த்தும் 7.25 டாலரை எட்டாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆக, வாடிக்கையாளர் மேசையில் வைக்கும் பணம் சர்வருக்கு அன்பளிப்பாகச் சேர்வதற்கு முன்பே முதலாளியின் சம்பளச் சுமையைக் குறைக்கும் பணமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பரிமாறுபவர் தமக்குக் கிடைப்பதில் ஒரு பங்கைப் பானம் கலந்து தரும் பார்டெண்டருக்கும், மேசை துடைப்பவருக்கும் கொடுக்க வேண்டும். பல கடைகளில் இந்தப் பங்கு அவருக்குக் கிடைத்த டிப்ஸை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அவர் மேசைகளில் நடந்த விற்பனையை வைத்தே கணக்கிடப்படுகிறது. எனவே உங்கள் 60 டாலர் பில்லுக்கு நீங்கள் எவ்வளவு வைத்தாலும் அந்தப் பில்லுக்கான பங்கு அவர் கையிலிருந்து போய்விடும். மூன்று டாலரில் அவருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மேலாளர்களும் முதலாளிகளும் இந்தப் பணத்தில் கைவைக்கக் கூடாது என்று 2018-இல் சட்டத்தில் தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள் என்பது ஒரு சிறு ஆறுதல்.

வரியைச் சேர்க்காத தொகையில் 18 முதல் 20 சதவீதம் என்பது இன்றைய வழக்கம். 60 டாலருக்கு ஏறத்தாழ 11 அல்லது 12 டாலர் ஆகிறது. மதுமேடையில் நின்று ஒரு பானம் மட்டும் வாங்கினால் ஒன்றிரண்டு டாலர் போதும். ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்து சென்றால் பல கடைகள் 18 சதவீதத்தைத் தாமே பில்லில் சேர்த்துவிடும். அதைக் கவனிக்காமல் இரண்டாவது முறையும் டிப்ஸ் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துபவர்கள் நிறையப் பேர். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற மாநிலங்களில் பரிமாறுபவருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்றாலும் டிப்ஸ் வழக்கம் அங்கேயும் மாறவில்லை.

ஊழியரின் வயிற்றுப்பாட்டை வாடிக்கையாளரின் மனநிலைக்கு விட்டுவிடும் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாட்டிலேயே அதை எதிர்த்துப் பல ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். ஆனால் அந்த எதிர்ப்பை, தட்டைக் கொண்டுவந்து வைத்த பெண்ணிடம் காட்டுவதில் நியாயமில்லை.

கேள்வி: தட்டில் பாதி உணவு இருக்கும்போதே பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பும் வாயில் உணவு இருக்கும்போதெல்லாம் வந்து ‘எல்லாம் நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டபடி இருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவது போல இல்லையா இது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பந்தியில் இலையை எடுப்பதும் அடுத்த பந்திக்காகத்தானே! முன் கேள்விக்கான பதிலில் சொன்ன சம்பளக் கணக்குதான் இங்கேயும் வேலை செய்கிறது. மாலை முழுவதும் ஒரே குடும்பம் ஒரு மேசையில் இருந்தால் ஒரு டிப்ஸ். மூன்று குடும்பங்கள் மாறி மாறி உட்கார்ந்தால் மூன்று டிப்ஸ். அதோடு, கேட்காமலே பில் வருவதை அந்த ஊர் வாடிக்கையாளர் ‘உங்களைக் காக்க வைக்கவில்லை’ என்ற மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறார். பில்லை வைக்கும்போது ‘அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள்’ என்று சொல்வார்கள். கூட்டம் இல்லாத நாளில் அதை அப்படியே நம்பலாம். வெள்ளிக்கிழமை இரவு வாசலில் ஆட்கள் காத்து நிற்கும்போது, பேச்சை மதுமேடைப் பக்கம் மாற்றிக்கொள்வது பெருந்தன்மை. மீந்த உணவைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம், அங்கே பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 67, தலை முழுவதும் நரை. ஒரு பீர் கேட்டதற்கு வயதுச் சான்று காட்டச் சொன்னார்கள். கேலி செய்கிறார்களா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. 1984-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்பதாக அறிவித்தது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. வயது குறைந்தவருக்கு விற்றால் கடையின் உரிமத்துக்கே ஆபத்து வரலாம், விற்ற ஊழியர் மீதும் நடவடிக்கை வரலாம். எனவே ‘இவரைப் பார்த்தாலே தெரிகிறதே’ என்று ஊழியர் தம் கண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்காக, யாராக இருந்தாலும் அட்டையைக் கேட்க வேண்டும் என்று பல கடைகள் விதி வைத்திருக்கின்றன. இந்திய ஓட்டுநர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை, ஆகவே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

இதே காரணத்தால் இன்னொரு அனுபவமும் நேரலாம். போதையில் தள்ளாடுபவருக்கு மேலும் ஊற்றிக் கொடுத்து, அவர் வெளியே போய் விபத்து ஏற்படுத்தினால், பாதிக்கப்பட்டவர் அந்தக் கடையின் மீதே வழக்குத் தொடர இடமளிக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கின்றன. ஒரு கட்டத்துக்கு மேல் பார்டெண்டர் புன்னகையோடு மறுத்துவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் நம்பிச் சாப்பிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கோழி பொரித்த எண்ணெயிலேயே அந்த வறுவலும் பொரிக்கப்படுவது வழக்கம். காய்கறி பர்கர் என்று தருவதும் மாட்டிறைச்சி வாட்டிய அதே கல்லில்தான் பெரும்பாலும் சூடாகும். வெங்காய சூப் மாட்டு எலும்புச் சாற்றில் செய்யப்பட்டிருக்கும், சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி மீன் சேரும். பாத்திரம் கலக்காத சைவம் வேண்டுபவர்களுக்கு இந்த வகைக் கடை ஏற்றதல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கலந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்குச் சீஸ் பூசிய நாச்சோஸ் (சோளச் சில்லுகள்), தொட்டுக்கொள்ளும் கீரை டிப், பெரிய சாலட் என்று சில உண்டு.

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து நடக்கும் நாளில் போய் மாட்டிக்கொண்டோம். எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஞாயிறு பிற்பகலும் திங்கள் இரவும் செப்டம்பர் முதல் அப்படித்தான் இருக்கும். வார நாளில் ஐந்து மணிக்குச் சென்றால் அமைதியும் கிடைக்கும், பல மாநிலங்களில் குறைந்த விலையும் கிடைக்கும். மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் அந்த நேரத்து மதுத் தள்ளுபடியை எதிர்பார்க்க வேண்டாம், மாசசூசெட்ஸில் அதை 1984-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

கேள்வி: நான் வட கரோலினாவில் படிக்கிறேன். கடையில் நான் கையெழுத்திட்ட தொகையும் முதல் நாள் வங்கி காட்டிய தொகையும் வேறுவேறாக இருந்தன. ஏமாற்றிவிட்டார்களா?
– மாணவர்

பதில்: பெரும்பாலும் இராது. அட்டையைத் தேய்க்கும்போது உணவின் தொகை மட்டும் வங்கியில் நிறுத்திவைக்கப்படுகிறது. நீங்கள் தாளில் டிப்ஸை எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, அன்றிரவு கடை மூடும் நேரத்தில் ஊழியர் அதைச் சேர்க்கிறார், ஓரிரு நாளில் இறுதித் தொகை பதிவாகும். தாளில் டிப்ஸுக்கும் மொத்தத் தொகைக்கும் உள்ள இடங்களைக் காலியாக விடாமல் நிரப்புங்கள், உங்கள் நகலைப் பத்திரப்படுத்துங்கள். பதிவான தொகை அந்த நகலோடு ஒத்துப்போகாவிட்டால் மட்டும் கடைக்கு அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: பெரிய பெயராயிற்றே என்று பஃபலோ விங்ஸ் வாங்கினேன். காரத்தைவிடப் புளிப்புதான் தூக்கலாக இருந்தது. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்தப் புளிப்பு பிழையன்று. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள ஆங்கர் பாரில், 1964-இல் தெரசா பெலிசிமோ என்ற பெண்மணி கோழி இறக்கைகளை மாவு தோய்க்காமல் பொரித்து, வினிகர் கலந்த மிளகாய்ச் சாற்றிலும் வெண்ணெயிலும் புரட்டித் தந்தார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே நகரின் வேறொரு சமையற்காரருக்கே பெருமை சேர வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. கூடவே வைக்கும் செலரித் தண்டும் நீலப் பாலாடைக்கட்டிக் குழம்பும் அலங்காரத்துக்கு அல்ல, அவற்றோடு மாற்றி மாற்றிக் கடித்தால்தான் கணக்குச் சரியாகும்.

கேட்டபடி வராத உணவைத் திருப்பி அனுப்புவதை அங்கே யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ‘மீடியம்’ (நடுத்தர வேக்காடு) கேட்ட ஸ்டேக் என்னும் தடித்த இறைச்சித் துண்டு கருகி வந்தாலோ, கோழி உள்ளே இளஞ்சிவப்பாக, வேகாதது போல் இருந்தாலோ ஓரிரு வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். கோழி 74 டிகிரி செல்சியஸும், கொத்திய மாட்டிறைச்சி 71 டிகிரியும் உள்வெப்பம் எட்ட வேண்டும் என்பது அரசின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை. மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டு, வேறு தட்டு தருவார் அல்லது பில்லிலிருந்து கழித்துவிடுவார். முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்பது எந்த ஊரிலும் எடுபடாது. நம் நாக்குக்கு ஏற்ற காரம் வேண்டுமானால் வாங்கும்போதே ஹபனேரோ மிளகாய்ச் சாற்றில் புரட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் அதுவும் இருக்கும்.